பார்த்தவனுக்குச் சட்னி கிடையாது

மட்டாஞ்சேரியில் அந்த வருஷம் உடைந்த சாமான்களில் பாதியை உடைத்தது வெங்கிடேஷின் கார். ஆனால் அந்தக் கார் எதன்மேலும் இடித்ததில்லை. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அது பாட்டுக்குத் தெருவில் போகும். அதைப் பார்த்தவர்கள்தான் எதிலாவது போய் முட்டிக்கொள்வார்கள்.

வெங்கிடேஷ் குளியலறைச் சாமான் வியாபாரி. கொச்சியில் எவர் வீட்டுக் கழிப்பறையிலாவது தங்க நிறத்தில் குழாய் இருந்தால் அது அவன் கடைச் சரக்கு. அவன் அப்பா சைக்கிளில் போய் வந்தவர். அந்த சைக்கிளுக்கு மணி கிடையாது. யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததும் இல்லை. அதனால் அவர் எண்பத்தைந்து வயது வரை ஒரு குறையும் இல்லாமல் இருந்தார். பிள்ளைக்கு அது பெரிய குறையாகப் பட்டிருக்க வேண்டும். குழாய் விற்ற லாபத்தையெல்லாம் சேர்த்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. எந்த நாட்டுச் சரக்கோ. தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பூனை குனிந்துதான் போக வேண்டும். உள்ளே ஏறுகிறவன் உட்காருவதில்லை, படுத்துக்கொள்கிறான். கதவு மற்றக் கார்களின் கதவு போலப் பக்கவாட்டில் திறக்காது. வண்டு இறக்கையை விரிக்கிற மாதிரி மேலே போகும். எல்லாவற்றையும்விட நிறம்தான் விசேஷம். எதிரே நின்று பார்த்தால் மயில்கழுத்து. பக்கவாட்டில் கத்திரிக்காய். போன பிறகு முதுகைப் பார்த்தால் புளி போட்டுத் தேய்த்த செம்பு. ஒரே காரைப் பார்த்த மூன்று பேர், மூன்று கார் போனதாகச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவருக்குப் பல் போயிற்று. அந்தப் பல்லையும் காரின் பேரில்தான் எழுத வேண்டும்.

இந்த ஊர் எதையும் பார்க்காத ஊர் இல்லை. கப்பல் பார்த்திருக்கிறது, யானை பார்த்திருக்கிறது, நாள்தோறும் அரைக்கால் சட்டையில் வருகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் காரைப் பார்த்ததும் எல்லோருக்கும் புத்தி கழன்றுவிட்டது. பிச்சை என்று ஒரு ஆட்டோக்காரர், அரண்மனை பார்க்க வந்த இரண்டு வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தவர், காரைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். திருப்பிய தலையைத் திரும்ப எடுக்கவில்லை. அப்படியே ஃபோர்ட் கொச்சிக்குப் போய், வண்டிகளை ஏற்றிப் போகிற ஜங்காரில் ஏறி, காயலைக் கடந்து, வைப்பினில் இறங்கி, அங்கே ஒரு மாடு முட்டிய பிறகுதான் முன்னால் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் அதுதான் அரண்மனைக்குப் போகிற வழி என்று நினைத்து மாட்டையும் படம் எடுத்துக்கொண்டார்களாம்.

இன்னொருவன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். இந்தக் காலத்தில் பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பதில்லையே. ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து, அதற்குள்ளே தெரிவதைப் பார்க்க வேண்டும். இன்னொரு கை ஸ்டியரிங்கில் இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் தலையெழுத்து. அவன் காரைப் படம் எடுத்துக்கொண்டே நேராக மீன் கடைக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு எங்கள் பக்கத்து ரொட்டியெல்லாம் அயிலை மீன் வாசனை அடித்தது. சில பேருக்கு அது பிடித்துப்போய், வாசனை நின்றதும் கடைக்காரனிடம் புகார் சொன்னார்கள்.

இத்தனையும் நடந்தது ஒரே வளைவில். பஜார் ரோட்டிலிருந்து எங்கள் சந்து திரும்புகிற இடம். ஒரு பக்கம் மிளகாய்க் கிடங்கு. எதிர்ப்பக்கம் சேவியரின் சாயாக் கடை, அதை ஒட்டிப் பாண்டிச்செல்வியின் தோசை வண்டி. வெங்கிடேஷின் காருக்கு மூக்கு நீளம். அந்த வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று பிரசவ வார்டு வாசலில் புருஷன் நடக்கிற மாதிரி நடந்துதான் திரும்பும். அதுவரை ஊர் முழுவதும் ஆற அமரப் பார்க்கலாம். பார்த்துக்கொண்டே வருகிறவர்கள் கடைசியில் போய் நிற்கிற இடம் பாண்டிச்செல்வியின் தோசைக்கல்.

பாண்டிச்செல்வி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்தால், எறணாகுளத்திலிருந்து போட் பிடித்துக்கூட ஆள் வரும். தோசை சுமார்தான், எல்லோரும் வருவது அவளுடைய காரச் சட்னிக்காக. அதை நாக்கில் வைத்த மலையாளிகள் முதலில் அழுவார்கள், பிறகு இன்னும் கொஞ்சம் கேட்பார்கள். அந்த வண்டியை வைத்துத்தான் அவள் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் உண்டு, ஆனால் அவன் களமசேரியில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வதைத் தவிர வேறு உபயோகம் இல்லாதவன்.

முதலில் ஒரு ஸ்கூட்டர் வந்து அவளுடைய சட்னிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. பிறகு வெங்காயம் ஏற்றிய பிக்கப் ஒன்று தோசை வண்டியின் சக்கரத்தை மடக்கியது. அப்புறம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பைக்குக்காரன் அடுப்பின்மேலேயே ஏறிவிட்டான். கொதிக்கிற எண்ணெய் அவள் காலடியில் கொட்டியது. ஒரு அடி முன்னால் நின்றிருந்தால் கால் போயிருக்கும்.

மறுநாள் டிராபிக் போலீஸ்காரர் சுதீர் வந்தார். விசாரிக்க வந்தார் என்று அவள் ஸ்டூல் எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"சேச்சி, இவிடெ இனி ஒரு ஆக்சிடென்ட்கூட நடந்தா, தோசை வண்டி எடுக்கணும். ரோடு சேஃப்டி கமிட்டியோட தீர்மானம்."

"சார், முட்டுறது அவங்க. முட்டு வாங்குறது நான். என்னைய எடுக்கச் சொன்னா எப்படி?"

"சேச்சி இங்க இல்லேன்னா அவங்க எதுல முட்டுவாங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வெங்கிடேஷின் கார் வளைவில் திரும்பியது. சுதீர் பார்த்தார். பார்த்துக்கொண்டே தன் பைக்கின்மேல் சாய்ந்தார். பைக் நின்ற இடம் வேறு. கீழே விழுந்தவரை நானும் சேவியரும் தூக்கி நிறுத்தினோம்.

"இது கணக்குல வராது," என்றார் சுதீர், தூசியைத் தட்டிக்கொண்டே. "நான் டியூட்டியில் இருக்கேன்."

அந்த இடத்தை விட்டால் பாண்டிச்செல்விக்கு வேறு இடம் கிடையாது. மட்டாஞ்சேரியில் மற்ற மூலைகளிலெல்லாம் ஏற்கெனவே ஒவ்வொருவன் ஒவ்வொரு யூனியனோடு நின்றுகொண்டிருக்கிறான். இன்னும் ஒரே ஒருவன் காரைப் பார்த்துவிட்டு அவள்மேல் வந்து முட்டினால், மூட்டை கட்டிக்கொண்டு விருதுநகருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

அவள் என்னையும் கூட்டிக்கொண்டு வெங்கிடேஷ் வீட்டுக்குப் போனாள். நான் அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், வயசானவன், நான் சொன்னால் அவன் கேட்பான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். வாசலில் அவன் அம்மா லோகாம்பாள் காரின் முன்பக்கத்தில் எதையோ கட்டிக்கொண்டிருந்தாள். நாக்கைத் தொங்கவிட்ட பூத முகம். சாதாரணப் பூதம் இல்லை. காரின் நிறத்துக்கு ஒத்துப்போகவேண்டும் என்று மயில்கழுத்து நிறத்தில் சொல்லிச் செய்த பூதம்.

"சாமி," என்றாள் பாண்டிச்செல்வி, "நீங்க இந்தச் சந்து வழியா வராம பெரிய ரோடு வழியா சுத்திப் போனீங்கன்னா புண்ணியமாப் போகும். என் பொழப்பே அந்த வளைவுலதான் கிடக்கு."

"பெரிய ரோட்டுல யாரு பாக்கறா செல்வி?" என்றான் வெங்கிடேஷ். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அங்க அவா அவா வேகத்துல போயிண்டிருக்கா. இங்கேன்னா எல்லாரும் நின்னு நிதானமா பாக்கறா."

"பாக்காட்டி என்ன சாமி, கார் ஓடாதா?"

அவன் என்னைப் பார்த்தான். பைத்தியம் பிடித்தவளை ஏன் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று கேட்கிற பார்வை. "மாமா, நீங்களே சொல்லுங்கோ. நான் யாரையாவது இடிச்சிருக்கேனா?"

"இல்லை," என்றேன். உள்ளது அதுதான்.

"எல்லாம் கண்ணாக்கும்," என்றாள் லோகாம்பாள், பூதத்தின் காதை முறுக்கிக் கம்பியில் கட்டியபடி. "ஊர்க் கண்ணு பூரா என் பிள்ளை வண்டிமேலயாக்கும். பட வேண்டிய கண்ணு படாம, பாத்தவாளுக்கே திரும்பிப் போய்ப் பட்டுடறது. அதான் முட்டிண்டு விழறா. நான் கழிக்கறேனோ, பிழைச்சானோ!"

"மாமி, திரும்பிப் போய்ப் படுறது எல்லாம் என் தோசை வண்டிமேல."

"அப்போ நீயும் ஒரு எலுமிச்சம்பழம் கட்டிக்கோ."

அந்த மாதம் லோகாம்பாள் கண்ணேறு கழித்தது போல் ஒருவரும் கழித்திருக்க மாட்டார்கள். பம்பரின் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த சரம். பின்னால் கறுப்புக் கயிற்றில் படிகாரக் கட்டி. உள்ளே கண்ணாடிக்கு முன்னால் சங்கு, சோழி, ஒரு கரடி பொம்மை, ஒரு குட்டிப் பூதம். வெங்கிடேஷுக்கு ரோடு தெரிவதற்கு ஒரு சாண் அகல இடம் விட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் வளைவில் ஒரு சாம்பல் பூசணிக்காய், குங்குமம் கொட்டி, ஓங்கி உடைப்பாள். சனிக்கிழமை காலையில் அந்தப் பூசணிச் சதையில் ஏறிய சைக்கிள்காரர் ஒருவர் மசூதி வாசலில் வழுக்க ஆரம்பித்து மாதா கோயில் வாசலில் போய் நின்றார். இரண்டு இடத்திலும் அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள்.

அது வரை காரைப் பார்க்காதவர்கள்கூட இப்போது பூதத்தைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். ஒருவர் களமசேரியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். கண்படாமல் இருக்கக் கட்டியதையெல்லாம் பார்ப்பதற்கே கண் போதவில்லை.

பாண்டிச்செல்வி ஒரு ராத்திரி முழுக்க யோசித்திருக்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் தோசைக் கரண்டியோடு சேவியர் கடை நடுவில் வந்து நின்றாள். சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"இன்னியிலிருந்து அந்தக் காரை ஒருத்தரும் பாக்கக் கூடாது."

சேவியர் சாயாவை ஆற்றுவதை நிறுத்தினான். "எந்தா அக்கா பறயுற? கண்ணு இருந்தா பாக்காம எப்படி?"

"பாத்தவனுக்குச் சட்னி கிடையாது. வெறும் தோசைதான்."

எல்லா டம்ளரும் பெஞ்சுக்கு இறங்கின.

"சாம்பாரு?" என்று மூலையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"சாம்பாரும் கிடையாது. வறட்டுத் தோசைய மென்னு முழுங்கிட்டுப் போக வேண்டியதுதான்."

"அக்கா, நீயும் பாக்காம இருந்தா, யாரு பாத்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் சேவியர். அவன் வம்புக்காரன்.

"நான் எதுக்குக் காரைப் பாக்கணும்? உன் மூஞ்சியப் பாப்பேன். அது போதும்."

இந்த ஊரில் கட்சிகள் பந்த் அறிவித்தால்கூட நாலு கடை திறந்திருக்கும். பாண்டிச்செல்வி சொன்னதற்கு எதிராக ஒரு ஜன்னல் திறக்கவில்லை. சேவியர் பெஞ்சுகளையெல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டான். முடி வெட்டுகிற கடைக்காரர் கண்ணாடியில் கார் தெரியும் என்று துண்டைப் போட்டு மூடிவிட்டு, மனத்தில் பட்டபடி வெட்டினார். பழம்பொருள் விற்கிறவர்கள் ஆளுயரக் கண்ணாடிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். பிச்சை தன் ஆட்டோவின் பக்கத்துக்குச் சாக்குப்படுதா கட்டினார். இங்கே தெருவில் ஆடுகள் ஜாஸ்தி. அவை மட்டும் முதல் இரண்டு நாள் பார்த்தன. அவற்றுக்குச் சட்னிப் பழக்கம் இல்லை. அப்புறம் எல்லோரும் சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்டு, அங்கே ஏதோ தழை இருக்கிறது என்று நினைத்து அவையும் திரும்பிக்கொண்டன.

முதல் நாள் சாயங்காலம் கார் வந்தது. வளைவில் திரும்பியது. நாங்கள் பெஞ்சில் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். எல்லோர் கையிலும் தோசை.

"போயாச்சா?" என்று கேட்டான் சேவியர், சுவரிடம்.

"இல்ல, இன்னும் சத்தம் கேக்குது," என்றார் பிச்சை.

"எந்தா பண்றான்?"

"எனக்கெப்படித் தெரியும்? நானும் சுவத்தத்தானே பாக்கேன்."

கார் போயிற்று. சந்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. இந்தத் தடவை ஹாரன். அப்புறம் பாட்டு, கிடங்கின் ஓடுகள் அதிர்கிற மாதிரி. அப்புறம் கதவு இரண்டையும் மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, பறக்கத் தெரியாத பெரிய வண்டு ஒன்று தெருவில் ஊர்வது போல ஊர்ந்தான். சேவியர் கடையின் தார்ப்பாயைக் கதவு வாரிக்கொண்டு போயிற்று. சேவியர் பல்லைக் கடித்தான், திரும்பவில்லை. அந்தச் சட்னியின் சக்தி அப்படி.

அதற்குப் பிறகு ஊரில் எதுவும் உடையவில்லை. பிச்சையின் சவாரிகள் அரண்மனைக்குப் போனால் அரண்மனைக்கே போய்ச் சேர்ந்தார்கள். ரொட்டி ரொட்டி வாசனை அடித்தது. பாண்டிச்செல்வி கமிட்டியை மறந்துவிட்டு இன்னொரு தோசைக்கல் வாங்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

வெங்கிடேஷ்தான் வாடிப்போனான். சோறு இறங்கவில்லையாம். கடைக்கு வந்தவர்களிடம் குழாயைக் காட்டாமல், தெருவில் நின்ற காரைக் காட்டி, "அது தெரியறதா உங்களுக்கு?" என்று கேட்டானாம். தெரிகிறது என்று சொன்ன ஒரு பெரும்பாவூர்க்காரருக்கு ஒரு வாஷ்பேசின் இலவசம்.

ஒரு நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வது கேட்டது.

"அம்மா, ஊர்ல ஒருத்தருக்குமே கண்ணு தெரியலையா?"

"கழிச்சது ஜாஸ்தி ஆயிடுத்துடா," என்றாள் லோகாம்பாள், மருந்தின் அளவு தவறிய டாக்டர் மாதிரி. "ஒரேயடியா எல்லாக் கண்ணையும் கழிச்சுட்டேன். இரு, ஒண்ணொண்ணா அவுத்துப் பாக்கலாம். கொஞ்சம் கண்ணு திரும்பி வரட்டும்."

பூதம் போயிற்று. எலுமிச்சைச் சரம் போயிற்று. கரடியும் இறங்கியது. கண் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கார் எதிலும் இடிக்காததற்கு வெங்கிடேஷின் சாமர்த்தியம் காரணம் இல்லை. அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டியதே கிடையாது. யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவான். ஊரே அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஊரே ஒதுங்கி வழிவிட்டது. இப்போது பார்க்கிறவனும் இல்லை, ஒதுங்குகிறவனும் இல்லை. அவனோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எங்காவது ஒரு கண் அகப்படாதா என்று ஒவ்வொரு பிடரியாகத் தேடிக்கொண்டு வந்தான். ஒரு தெரு நிறையக் குருடர்கள், நடுவில் ஒரு குருடன் ஓட்டுகிற கார். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எங்கள் கவனமெல்லாம் சட்னியில்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பாண்டிச்செல்வியின் வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். எல்லோரும் ரோட்டுக்கு முதுகு. அவளும் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். இனி வருவது அவளும் வெங்கிடேஷும் பிற்பாடு சொல்லி எனக்குத் தெரிந்தது. கார் வளைவுக்கு வந்தது. வெங்கிடேஷ் பாதி உடம்பு வெளியே தொங்க, ஒரு கை மட்டும் உள்ளே ஸ்டியரிங்கில். வழக்கமாக முன்னும் பின்னும் நடக்கிற கார் அன்றைக்கு அதை மறந்துவிட்டு நேராக வந்தது. நேராக என்றால் எங்கள் முதுகைப் பார்த்து.

பாண்டிச்செல்விக்குச் சத்தம் பக்கத்தில் கேட்டது. தன் சட்டத்தைத் தானே உடைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

வெங்கிடேஷின் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. எத்தனையோ நாளாகத் தண்ணீர் காணாதவன் கிணற்றைக் கண்ட மாதிரி அவன் முகம் மலர்ந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கண்ணை அவள்மேலிருந்து எடுக்கவில்லை. அவன் எதைப் பார்க்கிறானோ கார் அதை நோக்கித்தானே திரும்பும்? கார் அவளைப் பார்த்துத் திரும்பியது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாங்கள் திரும்பியிருப்போம், எங்களையும் அவன் பார்த்திருப்பான், கார் எங்கள் எல்லோர்மேலும் ஏறியிருக்கும். அவன் கண்ணை விடாமல் பார்த்தபடியே, கையில் கரண்டியோடு, ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தாள். காரின் மூக்கும் ஒரு அடி நகர்ந்தது. இன்னும் ஒரு அடி. மூக்கும் ஒரு அடி. அப்போது அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. கறவை மாட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி, பின்னால் பின்னால் நடந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து, காரைத் தன் கண்ணாலேயே எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அவன் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தான். மிளகாய்க் கிடங்கின் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் குதிகால் படுகிறவரை போய், சட்டென்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பக்கத்தில் தாவினாள்.

அவ்வளவு நேரம் பார்த்தவள் கண்ணை மூடிவிட்டாளே என்ற பதற்றத்தில் வெங்கிடேஷ் மிதித்தான். மிதித்தது பிரேக்கை இல்லை.

கிடங்கில் அடுக்கியிருந்தது குண்டூர் வத்தல். மூட்டைகள் வெடித்து ஒரு செக்கச்செவேல் மேகம் கிளம்பியது. முதலில் ஆடுகள் தும்மின. பிறகு சேவியர் கடை தும்மியது. பிறகு பஜார் ரோடு. வல்லார்பாடம் துறைமுகத்தில் கப்பலின் மேல்தட்டில் நின்ற ஒரு கிரீஸ் நாட்டு மாலுமி தும்மி, தொப்பியைக் காயலில் தொலைத்ததாகக் கேள்வி. தெருவில் ஒருவராலும் கண்ணைத் திறக்க முடியவில்லை. தடவித் தடவிப் போய் வெங்கிடேஷை ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டோம். மூட்டைகள் மெத்தைபோல் தாங்கியதால் ஒரு எலும்புக்கும் சேதம் இல்லை. கண் இரண்டும் வீங்கிப் பலாச்சுளையாக இருந்தன.

"செல்வி," என்றான், இருமலுக்கு நடுவில், "பாத்தே இல்லையா? நீ பாத்தே!"

சுதீர் கர்ச்சீப்பை முகத்தில் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். யாரோ முக்கியமானவர் செத்துப்போய்விட்டார் போல் இருந்தது.

"இது எப்படி நடந்தது? ஆரு பாத்தீங்க?"

"ஞங்க ஆரும் பாக்கல சாரே," என்றான் சேவியர். "சுவரைப் பாத்து சாயா குடிச்சோண்டிருந்தோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

பிச்சையைக் கேட்டார். பிச்சை சாக்குப்படுதாவைக் காட்டினார். முடி வெட்டுகிறவரைக் கேட்டார். அவர் துண்டைக் காட்டினார். என்னைக் கேட்டார்.

"எனக்குக் கண்ணில் புரை," என்றேன். "மூன்று கார் வந்த மாதிரி இருந்தது."

"சேச்சி?"

"நான் தோசைய வார்த்துட்டு இருந்தேன் சார்," என்றாள் பாண்டிச்செல்வி. கரண்டி அவள் கையில்தான் இருந்தது.

"பொய்!" வெங்கிடேஷ் துள்ளி எழுந்தான். "சார், அவ பாத்தா! என்னைத்தான் பாத்துண்டிருந்தா! கண்ணெடுக்காம, இமைகூடக் கொட்டாம பாத்தா!"

"சேட்டனுக்கு அது எப்படித் தெரியும்?"

"நானும் அவளைத்தானே பாத்துண்டு வந்தேன்!"

"அப்போ ரோட்டை?"

வெங்கிடேஷ் வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் கொஞ்சம் மிளகாய்த் தூள் போயிற்று. அவன் இருமி முடிக்கிறவரை சுதீர் காத்திருந்தார். பிறகு கிடங்கின் வாசலையும் தோசை வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். விபத்து வளைவில் நடக்கவில்லை, தனியாருக்குச் சொந்தமான கட்டடத்துக்குள் நடந்திருக்கிறது. அதனால் கமிட்டிக்கு இதில் அதிகாரம் இல்லை என்றார். தோசை வண்டியை எடுக்க வேண்டுமா என்று பாண்டிச்செல்வி கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் சுதீர். "இன்னிக்கு இதுல ஒருத்தரும் முட்டலியே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிளகாயா அழுகையா என்று சொல்ல முடியாது. அவளை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இருட்டுவதற்கு முன்னால் ஒரு லாரி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மயில்கழுத்தும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே சிவப்பு. மூக்கு இருந்த இடத்தில் பள்ளம். வெங்கிடேஷ் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டு, வீங்கின கண்ணை விரலால் பிளந்து எங்கள் பக்கம் பார்த்தான்.

பாண்டிச்செல்விக்கு மனசு கேட்கவில்லை போல. "சரி, போனாப் போகுது," என்றாள். "இன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் பாத்துக்கங்க. சட்னி உண்டு."

யாரும் திரும்பவில்லை. சேவியர் மட்டும் தோசையை மென்றபடி, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"எதை அக்கா?"